இரவில் மட்டும் விழுந்த சர்வர்

பகலில் எவ்வளவு வேலை கொடுத்தாலும் அந்த சர்வர் தாங்கும். நள்ளிரவுக்கு மேல் பேக்கப் ஓடத் தொடங்கினால், வாரத்துக்கு ஒரு தடவையாவது விழுந்துவிடும். விழுகிற விதமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு நாள் திரை அப்படியே உறைந்து கிடக்கும். இன்னொரு நாள் கெர்னலின், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியின், பிழைச் செய்தி பாதியில் நின்றிருக்கும். ஒரு தடவை மெஷின் விழவே இல்லை. ஆனால் அன்றிரவு அதில் நகலெடுத்த ஒரு கோப்பை மூலத்தோடு ஒப்பிட்டபோது, நடுவில் சில பைட்டுகள் மாறியிருந்தன. விழுந்த நாட்களைவிட விழாத அந்த ஒரு நாள்தான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

மெஷின் பழையது: இரண்டு பிராசஸர் கொண்ட 32 பிட் எக்ஸ்86, 2 ஜிபி நினைவகம். லினக்ஸ் கெர்னல் 2.6.18, நாங்களே கம்பைல் செய்தது. மேலே, நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வர். அதற்குக் கீழே எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். அதற்கும் கீழே, டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம். பிறகு, ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் மென்பொருள் ரெய்டு 1. கடைசியில், டிஸ்க்கோடு பேசும் ஸ்கஸி டிரைவர். இப்படி அடுக்குவது அன்றைக்குச் சர்வ சாதாரணம். கம்பைல் செய்தபோது கெர்னல் ஸ்டாக் அளவை 4 கேபி என்று வைத்திருந்தோம். ஒரு ஃபங்ஷன் (நிரலின் ஒரு துண்டு) இன்னொன்றை அழைக்கும்போது திரும்பு முகவரியையும் தற்காலிக மாறிகளையும் வைக்கும் இடம்தான் ஸ்டாக். அது எங்கள் ஞாபகத்திலேயே இல்லை.

வழக்கம்போல் முதலில் வன்பொருளைச் சந்தேகித்தோம். நினைவகச் சோதனை இரவு முழுக்க ஓடி, ஒரு பிழையும் இல்லை என்றது. நம்பாமல் நினைவகத்தை மாற்றினோம். பிறகு பவர் சப்ளை. பிறகு டிஸ்க் கன்ட்ரோலர் கேபிள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் நாலைந்து நாள் அமைதி; எங்களுக்கும் நிம்மதி; அப்புறம் மறுபடி விழும். எப்போதாவது வரும் கோளாறு இப்படித்தான் ஏமாற்றும். எதை மாற்றினாலும் கொஞ்ச நாள் சரியானது போலத் தெரியும்.

கழித்தல் குறியோடு ஒரு சிபியு எண்

சீரியல் கன்சோல் மாட்டி, செய்திகளை இன்னொரு மெஷினில் பதிவு செய்ய ஆரம்பித்த பிறகுதான் உருப்படியான தடயம் கிடைத்தது. பிழைச் செய்தியின் தொடக்கத்தில் எந்தப் பிராசஸரில் கோளாறு நடந்தது என்று ஒரு வரி வரும். இரண்டு பிராசஸர் உள்ள மெஷினில் அது 0 அல்லது 1 ஆகத்தான் இருக்க முடியும். எங்கள் பதிவிலோ கழித்தல் குறியோடு 107 கோடியை ஒட்டிய ஓர் எண் இருந்தது.

முதலில் அச்சுக் குளறுபடி என்று விட்டுவிட்டோம். இரண்டாவது முறையும் அதே அளவில் ஓர் எண் வந்தபோது அதைப் பதினாறடிமானத்துக்கு (ஹெக்ஸ்) மாற்றிப் பார்த்தேன். சி0 என்று தொடங்கியது. 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் கெர்னலின் முகவரிகள் 3 ஜிபி எல்லையில், அதாவது சி0 என்ற தலைப்பைட்டோடு தொடங்குகின்றன. சிபியு எண் இருக்க வேண்டிய இடத்தில் கெர்னல் கோடின் ஒரு முகவரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஃபங்ஷன் வேலை முடித்துத் திரும்பிப் போக வேண்டிய முகவரி அது. அந்த வகை முகவரிக்கு இடம் ஸ்டாக்கில்தான். அது ஏன் சிபியு எண்ணின் இடத்துக்கு வந்தது?

இதற்கு முந்தைய இரவுகளின் பதிவுகளைத் திரும்பப் படித்தோம். தூங்கக் கூடாத நிலையில் தூங்கப் போனதாக, அதாவது வேலையை நிறுத்திக் காத்திருக்கப் போனதாக, ஒரு செய்தி பல தடவை வந்திருந்தது. ஏதோ டிரைவரின் தவறு என்று ஒதுக்கியிருந்தோம். அதுவும் இதே கதைதான். தூங்கலாமா கூடாதா என்பதைக் கெர்னல் ஓர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த எண்ணிக்கை இருப்பதும் சிபியு எண்ணுக்குப் பக்கத்து வீட்டில்.

அந்த 4 கேபிக்குள் என்ன இருக்கிறது

சாதாரண நிரல்கள் எழுதுகிறவர்களுக்கு ஸ்டாக் ஒரு கவலையே இல்லை. தேவைப்பட்டால் தானாக வளரும். லினக்ஸில் வழக்கமான வரம்பு 8 எம்பி. கெர்னலுக்குள் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடர்) அது பிறக்கும்போதே ஒரு சிறு துண்டு நினைவகம் ஒதுக்கப்படும். அந்த த்ரெட்டின் சார்பாகக் கெர்னல் செய்கிற வேலை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். வளராது. எங்கள் மெஷினில் அந்தத் துண்டு 4096 பைட்.

அதிலும் முழுதும் கைக்கு வராது. அன்றைய 32 பிட் எக்ஸ்86 கெர்னலில், த்ரெட்டைப் பற்றிய ஒரு சிறு குறிப்பேடு அந்தத் துண்டின் அடியிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஐம்பது சொச்சம் பைட்தான். ஆனால் அதில் இருப்பவை உயிர்நாடியான விஷயங்கள்: எந்த புராசஸ், எந்த சிபியு, தூங்கலாமா என்ற எண்ணிக்கை, பயனரின் முகவரி வரம்பு. ஸ்டாக் மேலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. எனவே வழிந்தால் முதலில் அழிவது இந்தக் குறிப்பேடு.

இப்படி வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. நடந்துகொண்டிருக்கும் புராசஸ் எது என்று கெர்னல் நொடிக்கு எத்தனையோ முறை கேட்டுக்கொள்கிறது. ஸ்டாக் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் ஸ்டாக் சுட்டியின் கடைசி 12 பிட்டுகளைப் பூஜ்யமாக்கினால் குறிப்பேட்டின் முகவரி வந்துவிடும். பதிவேடுகள் (பிராசஸருக்குள் உள்ள ரெஜிஸ்டர்கள்) குறைவாக உள்ள எக்ஸ்86-க்கு இது அருமையான தந்திரம். ஆனால் ஸ்டாக் எல்லையைத் தாண்டிய கணமே அதே கணக்கு அடுத்து ஒட்டியிருக்கும் நினைவகப் பக்கத்தின் (4 கேபி துண்டு) அடியைக் காட்டும். அங்கே வேறு யாருடைய தரவோ இருக்கும். கெர்னல் அதைத் தன் குறிப்பேடு என்று நம்பிப் படிக்கும். அதனால்தான் ஒரே கோளாறு இரவுக்கு ஒரு முகத்தோடு வந்தது. எவ்வளவு வழிந்தது, பக்கத்தில் யார் இருந்தார் என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

எல்லையில் காவல் என்று எதுவும் இல்லை. கெர்னலின் நேரடி நினைவகப் பரப்பில் பக்கங்கள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. தாண்டினால் பிராசஸர் எந்தப் புகாரும் சொல்லாது.

ஏன் இரவில் மட்டும்

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பகலில் வேலை அதிகம், ஆனால் விழவில்லை. இரவில் வேலை குறைவு, விழுகிறது. அப்படியானால் சுமையின் அளவு காரணம் இல்லை, ஆழம்தான் காரணம்.

பேக்கப் இரண்டு காரியங்களைச் செய்தது. முதலாவது, எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்தது, அதாவது வால்யூமின் அந்தக் கணத்து நிலையைப் பிடித்து வைத்தது. ஸ்னாப்ஷாட் இருக்கும் வரை மூல வால்யூமுக்கு எழுதுவது நேராகக் கீழே போகாது. நடுவில் இன்னொரு மேப்பிங் அடுக்கு முளைத்துவிடும். 2.6.18-இல் ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்குக்கு வேலையைத் தள்ள, டிஸ்க்கில் படி, எழுது என்று கேட்கும் பிளாக் கோரிக்கை ஃபங்ஷனை மறுபடியும் உள்ளிருந்தே அழைத்தது. ஓர் அடுக்கு கூடினால் ஸ்டாக்கில் ஒரு சுற்று கூடும்.

இரண்டாவது, பேக்கப் டிஸ்க் முழுவதையும் படித்தது. படித்த கோப்புத் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பக்கத் தற்காலிகச் சேமிப்பு நிரம்பி, காலி நினைவகம் வற்றிப்போனது. அந்த நேரத்தில் ஒரு என்எஃப்எஸ் த்ரெட் ஒரு பக்கம் நினைவகம் கேட்டால், கெர்னல் அந்த த்ரெட்டின் தலையிலேயே சுத்தம் செய்யும் வேலையைக் கட்டிவிடும். அழுக்கான பக்கம் (மாறியும் இன்னும் டிஸ்க்குக்குப் போகாத பக்கம்) ஒன்றை டிஸ்க்குக்கு எழுதினால்தான் இடம் கிடைக்கும். அது எக்ஸ்எஃப்எஸ் பக்கமாக இருந்தால், எழுதுவதற்கு முன் டிஸ்க்கில் இடமே ஒதுக்கியிருக்காது, ஏனென்றால் எக்ஸ்எஃப்எஸ் ஒதுக்கீட்டைக் கடைசி நேரம் வரை தள்ளிப்போடும். இப்போது ஒதுக்க வேண்டும். அதற்கு, காலி இடங்களின் அட்டவணையான பி-ட்ரீயில் தேட வேண்டும். அதன் ஒரு பிளாக் நினைவகத்தில் இல்லையென்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு ஸ்னாப்ஷாட் அடுக்கு, எல்விஎம் அடுக்கு, ரெய்டு, ஸ்கஸி, டிரைவர் வரை இறங்க வேண்டும். இவ்வளவும் ஒரே ஸ்டாக்கில், ஏற்கெனவே என்எஃப்எஸ் கோரிக்கை பாதி நடந்துகொண்டிருக்கும் ஸ்டாக்கின் மேல்.

பகலில் இந்த இரண்டும் ஒன்றாகச் சேரவே இல்லை. சரி, ஊகம் பொருந்துகிறது. நிரூபிக்க வேண்டுமே. ஸ்னாப்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நினைவகத்தை வேண்டுமென்றே நிரப்பி, என்எஃப்எஸ் வழியாகப் பெரிய கோப்புகளை எழுதிப் பார்த்தோம். பட்டப்பகலில் விழுந்தது. ஸ்னாப்ஷாட் இல்லாமல் அதே சோதனையைச் செய்தபோது விழவில்லை. அன்று நாங்கள் சந்தோஷப்பட்டதைப் பார்த்தவர்கள் ஏதோ சரிசெய்துவிட்டோம் என்றே நினைத்திருப்பார்கள்.

குற்றவாளி யார்

கெர்னல் மூலத்தோடு வரும் ஒரு சிறு ஸ்கிரிப்ட், கம்பைல் ஆன கெர்னலைப் பிரித்து ஒவ்வொரு ஃபங்ஷனும் எவ்வளவு ஸ்டாக் எடுக்கிறது என்று வரிசைப்படுத்தித் தரும். ஒரு பெரிய திருடன் மாட்டுவான் என்று ஆசையோடு ஓட்டினேன். மாட்டவில்லை. சங்கிலியில் இருந்தவற்றில் சில ஃபங்ஷன்கள் சில நூறு பைட் எடுத்தன. மற்றவை நாற்பது, அறுபது, எண்பது. தனியாகப் பார்த்தால் எதையும் திட்ட முடியாது. கூட்டினால் 4 கேபி போதவில்லை.

கெர்னல் உலகம் இதை ஃபங்ஷன் அளவில்தான் கண்காணிக்கிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். பிற்காலக் கெர்னல்களில் கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கும் வசதி உண்டு. 32 பிட்டில் ஒரு ஃபங்ஷன் 1024 பைட்டைத் தாண்டினால் எச்சரிக்கும். நல்லதுதான். ஆனால் 1000 பைட் எடுக்கும் நாலு ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்தால் எச்சரிக்கை வராது. 4 கேபி தீர்ந்துவிடும். என்எஃப்எஸ் எழுதியவர் தன் பங்கில் சிக்கனமாக இருந்தார், எக்ஸ்எஃப்எஸ் எழுதியவர் தன் பங்கில், எல்விஎம் எழுதியவர் தன் பங்கில். இவற்றை இந்த வரிசையில் அடுக்கியது நாங்கள்.

கம்பைலருக்கும் இதில் பங்குண்டு. அந்தக் காலத்து ஜிசிசி ஒரு சிறு ஃபங்ஷனை இன்னொன்றுக்குள் இழுத்துப் போட்டால், அவற்றின் லோக்கல் மாறிகளுக்குப் பெரும்பாலும் தனித்தனி இடம் ஒதுக்கியது. ஒரே நேரத்தில் தேவைப்படாதவை ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற சாமர்த்தியம் போதவில்லை. அதனால் சில இடங்களில் வேண்டுமென்றே இன்லைன் ஆகாமல் தடுக்கும் குறிப்பைக் கெர்னல் எழுதுகிறவர்கள் சேர்த்தார்கள்.

4 கேபி யாருடைய யோசனை

அது முட்டாள்தனம் இல்லை. 8 கேபி ஸ்டாக் என்றால் நினைவகத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு பக்கங்கள் வேண்டும். பல நாள் ஓடிய மெஷினில் காலிப் பக்கங்கள் சிதறிக் கிடக்கும். ஒட்டிய இரண்டு கிடைக்காமல் புது த்ரெட் பிறக்க முடியாமல் போகும். கூடவே, 32 பிட் எக்ஸ்86-இல் கெர்னல் நேரடியாகத் தொடக்கூடிய நினைவகம் வழக்கமான அமைப்பில் 896 எம்பி மட்டுமே. ஸ்டாக்குகள் அதற்குள்தான் இருக்க வேண்டும். பத்தாயிரம் த்ரெட் என்றால் 8 கேபியில் சுமார் 80 எம்பி, 4 கேபியில் அதில் பாதி. 2004-இல் 2.6.6 கெர்னலில் 4 கேபி தேர்வு வந்தபோது இதுதான் வாதம்.

அதோடு இன்னொரு நல்ல விஷயமும் சேர்ந்து வந்தது. 4 கேபி தேர்வில் இன்டரப்டுகளுக்கு (ஓடும் வேலையை இடைமறித்து வரும் அவசர அழைப்புகள்) ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி ஸ்டாக் கொடுத்தார்கள்: வன்பொருள் இன்டரப்டுக்கு ஒரு 4 கேபி, அது விட்டுவைக்கும் மிச்ச வேலையான மென் இன்டரப்டுக்கு இன்னொரு 4 கேபி. எனவே மொத்தத்தில் குறையவில்லை, பிரித்துத்தான் வைத்திருக்கிறோம் என்பது ஆதரவாளர்களின் பதில். 8 கேபி தேர்விலோ இன்டரப்டும் புராசஸும் ஒரே ஸ்டாக்கில். இந்த நுணுக்கம் எங்களை அப்புறம் கடித்தது.

எதிர்ப்பாளர்களும் சும்மா இல்லை. விண்டோஸின் வைஃபை டிரைவர்களை லினக்ஸில் ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் அப்போது பரவலாக இருந்தது. 32 பிட் விண்டோஸ் தன் டிரைவர்களுக்கு 12 கேபி கெர்னல் ஸ்டாக் தருகிறது. அதை எதிர்பார்த்து எழுதிய டிரைவர் 4 கேபிக்குள் எப்படி அடங்கும்?

8 கேபிக்கு மாறினோம், முடியவில்லை

கெர்னலை 8 கேபியில் மறுபடி கம்பைல் செய்தோம். ஸ்டாக் வழிவைக் கண்காணிக்கும் சோதனையையும் போட்டோம். இந்தச் சோதனை ஒவ்வொரு இன்டரப்டும் வரும்போது ஸ்டாக்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போனால் செய்தி எழுதும். ஆழமான இடத்தில் சரியாக இன்டரப்ட் வந்தால்தான் பிடிபடும் என்பதால் இது வலை மாதிரி இல்லை, தூண்டில் மாதிரி.

விழுவது நின்றது. ஒரு மாதம் நிம்மதி. பிறகு ஓர் இரவு தூண்டிலில் மீன் மாட்டியது: 1 கேபிக்கும் குறைவாக மிச்சம் என்று எச்சரிக்கை. தடத்தைப் பார்த்தால், பழைய சங்கிலியின் அடிமட்டத்தில் இருந்தபோது நெட்வொர்க் இன்டரப்ட் வந்து, அதன் மென் இன்டரப்ட் வேலை, ஃபயர்வால் விதிகள் எல்லாம் அதே ஸ்டாக்கின் மேல் ஏறியிருந்தன. நாங்கள் வாங்கியது இரட்டிப்பு இடம் என்று நினைத்தோம். உண்மையில் இன்டரப்டுக்கான தனி அறையை விட்டுக்கொடுத்துவிட்டு, கூடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தோம்.

உடனடி ஆறுதலுக்குக் கெர்னல் எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டிய நினைவகத்தின் அளவை உயர்த்தினோம். அப்படிச் செய்தால் நினைவகம் துடைக்கும் கெர்னல் த்ரெட் முன்கூட்டியே விழித்துக்கொள்ளும். அதே எக்ஸ்எஃப்எஸ் எழுத்து வேலையை அது தன் சொந்த, கிட்டத்தட்ட காலியான ஸ்டாக்கில் செய்யும். என்எஃப்எஸ் த்ரெட்டின் தலையில் வேலை விழுவது குறையும். இல்லாமல் போகாது.

நிரந்தரத் தீர்வு 2007-இல் வந்த 2.6.22-இல் இருந்தது. அதில் பிளாக் கோரிக்கை ஃபங்ஷன் தன்னைத் தானே அழைப்பதை நிறுத்தினார்கள். உள்ளிருந்து புதுக் கோரிக்கை வந்தால் அந்த த்ரெட்டின் பட்டியலில் சேர்த்துவிட்டு உடனே திரும்பும். வெளிச்சுற்று முடிந்ததும் பட்டியலில் இருப்பதை எடுத்துச் செய்யும். பத்து அடுக்கு இருந்தாலும் ஸ்டாக்கில் ஒரே சுற்றுதான். சின்ன மாற்றம், பெரிய பலன். எங்கள் மெஷினில் அந்தக் கெர்னலைப் போட்ட பிறகு எச்சரிக்கை மறுபடி வரவில்லை.

வேறு கட்டமைப்புகளில் இதே கணக்கு

இந்த அனுபவத்துக்குப் பிறகு பழைய மெஷின் எதைப் பார்த்தாலும் முதலில் ஸ்டாக் அளவைத்தான் கேட்கிறேன். பார்த்தவுடன் பெரிய எண்ணாகத் தெரிவது ஏமாற்றும். ஸ்பார்க் என்ற பிராசஸர் வகையின் 64 பிட் வடிவில் கெர்னல் ஸ்டாக் 16 கேபி. எங்கள் 4 கேபியைப் போல நாலு மடங்கு. ஆனால் ஸ்பார்க்கின் பதிவேட்டுச் சாளரங்களை (ஒவ்வோர் அழைப்புக்கும் தரும் தனிப் பதிவேட்டுத் தொகுதி) இறக்கி வைக்க ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பும் குறைந்தது 176 பைட் ஒதுக்கியாக வேண்டும், ஒரு லோக்கல் மாறிகூட இல்லாவிட்டாலும். அறுபது அழைப்பு ஆழத்தில் 10,560 பைட் சும்மாவே போய்விடும். எக்ஸ்86-இல் அதே ஆழத்தில் திரும்பு முகவரிக்கும் பழைய சட்டகச் சுட்டிக்கும் (அழைத்த ஃபங்ஷனின் ஸ்டாக் பகுதியைக் காட்டுவது) மொத்தம் 480 பைட் போதும். ஐபிஎம் மெயின்ஃபிரேமின் 64 பிட் எஸ்390-இலும் ஓர் அழைப்பின் குறைந்தபட்சச் சட்டகம் 160 பைட், ஸ்டாக் 16 கேபி.

எச்பியின் பிஏ-ரிஸ்க் பிராசஸர் ஒரு வேடிக்கை. அதில் ஸ்டாக் கீழிருந்து மேல்நோக்கி வளரும். எனவே வழிந்தால் தன் அடியில் உள்ள குறிப்பேடு பிழைத்துக்கொள்ளும், மேலே இருக்கும் அண்டை வீட்டுக்காரர் மாட்டுவார். எக்ஸ்86-இல் கற்ற அறிகுறிகளை வைத்துக்கொண்டு அங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது.

லினக்ஸில் பயனர்கள் கண்ணில் படும் சில வரம்புகளும் இந்தக் கவலையில் பிறந்தவைதான். ஒன்றுக்குள் ஒன்றாகச் சிம்பாலிக் லிங்க் (இன்னொரு கோப்பின் பாதையைக் காட்டும் கோப்பு) வைத்தால் 8 மட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்று நெடுங்காலம் இருந்தது. பாதையைத் தேடும் ஃபங்ஷன் தன்னையே அழைத்ததுதான் காரணம். 2015-இல் 4.2 கெர்னலில் அதைச் சுற்றாக மாற்றி எழுதிய பிறகு அந்த உள் வரம்பு போனது.

32 பிட் எக்ஸ்86-இல் 4 கேபி தேர்வை 2010-இல் தூக்கிவிட்டு, 8 கேபியோடு தனி இன்டரப்ட் ஸ்டாக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 2012 தொடக்கத்தில் வெளிவந்த 3.2-இல், நினைவகம் கேட்ட த்ரெட்டின் தலையில் ஃபைல் சிஸ்டம் எழுத்து வேலையைக் கட்டுவதும் நின்றது. ஆனாலும் 2014-இல் 64 பிட் எக்ஸ்86-இல் கிட்டத்தட்ட எங்கள் கதையே திரும்ப நடந்தது: நினைவகம் வற்றி, ஸ்வாப்புக்கு (நினைவகத்துக்கு உதவும் டிஸ்க் இடம்) எழுதப் போய், மெய்நிகர் டிஸ்க் டிரைவர் வரை இறங்கி, 8 கேபி தாண்டியது. சுட்டிகள் இரட்டிப்பாகியும் ஸ்டாக் அதே அளவில் இருந்ததன் விளைவு. 3.15 வெளியாவதற்குக் கொஞ்சம் முன்பு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 16 கேபி ஆக்கும் மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டார்.

காவல் பக்கம் 2016-இல் 4.9-இல் வந்தது. ஸ்டாக்கை மெய்நிகர் முகவரிப் பரப்பில் வைத்து, அதன் ஓரத்தில் ஒன்றும் இல்லாத ஒரு பக்கத்தை விட்டார்கள். தாண்டினால் அந்தக் கணமே பிராசஸர் பிடித்துவிடும். பக்கங்கள் ஒட்டியிருக்க வேண்டிய கட்டாயமும் போனது. 64 பிட் எக்ஸ்86-க்கு முதலில். 32 பிட் ஆர்முக்கு 2022-இல் 5.18 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 32 பிட் எக்ஸ்86-க்கு வரவே இல்லை.

அந்தக் கோப்பு

காரணம் தெரிந்த பிறகு அந்தக் கோப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாறிய பைட்டுகள் நாலு நாலாக இருந்தன. பல நான்குகளின் கடைசி பைட் சி0. எக்ஸ்86 எண்களைத் தலைகீழாக எழுதும் என்பதால் முகவரியின் தலைப்பைட் கடைசியில் வரும். எல்லாம் கோப்புக்குள் 4096-இன் ஒரு மடங்குக்குச் சற்று முன்னால் முடிந்தன. வழிந்த ஸ்டாக் தனக்குக் கீழே இருந்த பக்கத்தின் மேல் விளிம்பில் ஏறியிருக்கிறது. அந்தப் பக்கம் டிஸ்க்குக்குப் போகக் காத்திருந்த கோப்புத் தரவு. அன்று மெஷின் பிழைத்தது ஒரு தற்செயல். கடைசியில் அழைத்த ஃபங்ஷன் ஒதுக்கிவிட்டுப் பயன்படுத்தாத இடம் சரியாகக் குறிப்பேட்டின் மேல் வந்து, ஸ்டாக் அதைத் தொடாமல் தாண்டிக் குதித்திருக்க வேண்டும்.

இந்த அடையாளத்தை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம்: ஒவ்வொரு 4096 பைட் துண்டின் வாலிலும் சி0-வில் முடியும் நான்குகள் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று தேடும். டிஸ்க் முழுக்க ஓட்ட இரண்டு நாள் ஆயிற்று. படங்களும் சுருக்கிய கோப்புகளும் பொய் எச்சரிக்கை நிறையக் கொடுத்தன. கையால் பார்த்துக் கழித்ததில் இன்னும் இரண்டு கோப்புகள் மிஞ்சின. ஒன்றுக்கு நல்ல நகல் இருந்தது. மற்றதன் பேக்கப் அத்தனையும் கெட்ட பிரதியிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன.